வாசலுக்கு எதிர்ப்பக்கம்

பெய்ஷென் பிப்ரவரி மாதம் இறந்தார். இதயம். மலையூரான கொச்கோரில் அந்த மாதம் மண் இரும்பாக இறுகிக் கிடக்கும். பழைய டயர்களை எரித்து, மண்ணை இளக்கித்தான் குழி தோண்டினார்கள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அவரைக் கிடத்தினார்கள். ஆண்கள் வெளியே வரிசையாக நின்று, வருகிறவர்களைக் கண்டதும் குரலெடுத்து அழுதார்கள். பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. சாவுக்கு வருகிறவர்களைத் தெருவில் உள்ள வீடுகள் பங்கு போட்டுத் தங்க வைப்பது வழக்கம். பெய்ஷென் சாவுக்கு அது தேவைப்படவில்லை. பாதிப் பேர் வந்த லாரியிலேயே தங்கிக்கொண்டார்கள். எல்லாம் அவர் பின்கூண்டு கட்டிக் கொடுத்த லாரிகள். தேனீ வளர்ப்பவர் ஒருவர் தெற்கேயிருந்து வந்திருந்தார். அவர் வண்டியின் இரு பக்கச் சுவரும் தேன்கூட்டுப் பெட்டிகள், நடுவில் கட்டில். கம்பளி கத்தரிக்கும் அண்ணன் தம்பிகள் தங்கள் வண்டியின் மேடையை மடித்து எட்டுப் பேருக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். நாரினிலிருந்து வந்த குளியல் வண்டியில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. குழி தோண்டியவர்கள் அதில்தான் உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள்.

பெய்ஷென் ஆடு மேய்ப்பவர் வீட்டில் பிறந்தவர். ஆடுகளைக் கண்டால் ஆகாது. கூட்டுப்பண்ணையில் வெல்டராக இருந்தார். பண்ணை கலைந்தபோது ஆட்டைப் பங்கு போட்டார்கள், நிலத்தைப் பங்கு போட்டார்கள். அவர் தன் பங்குக்கு ஆடு வேண்டாம், வெல்டிங் மிஷினைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்காக மனைவி ராக்கியா ஒரு மாதம் பேசவில்லை என்று எல்லோரிடமும் சொல்வார்.

"ஒரு மாசமா? யாரு சொன்னா?" என்பாள் ராக்கியா. "ரெண்டு மாசம்."

அப்போது ராணுவம் கழித்துப் போட்ட லாரிகள் எங்கு பார்த்தாலும் கிடந்தன. நான்கு சக்கரமும் இழுக்கும். சேறோ பனியோ, கவலை இல்லை. மலை மேய்ச்சலுக்குப் போகிற குடும்பங்கள் அவற்றை வாங்கின. பின்னால் என்ன வைப்பது என்று தெரியாமல் பெய்ஷெனிடம் வந்தன. அவர் கூண்டு கட்டிக் கொடுத்தார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு.

"லாரி மேல ஏறுற எந்தப் பொருளும் ரெண்டு வேலையாவது செய்யணும். ஒரு வேல மட்டும் செய்றது இறங்கி நடந்து வரட்டும்."

அதனால் அவர் கூண்டில் மேசை கட்டிலாகும். ஏணி பாலாடைக்கட்டி காயப்போடும் சட்டமாகும். தண்ணீர்த் தொட்டி அடுப்பை ஒட்டி, கட்டிலுக்கு அடியில் இருக்கும். தண்ணீரும் சுடும், படுப்பவர் முதுகும் சுடும். கூண்டுக்கே நான்கு இரும்புக் கால் உண்டு. அக்டோபரில் மலையிலிருந்து இறங்கியதும் அந்தக் கால்களை ஊன்றிக் கூண்டை முற்றத்தில் நிறுத்திவிட்டு, லாரி வைக்கோல் ஏற்றப் போய்விடும். குளிர்காலம் முழுக்கக் கூண்டு விருந்தினர் அறையாக நிற்கும். மகனுக்குக் கல்யாணமானால் புது ஜோடியின் வீடாகும். அதில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மகள் அய்சாடா தலைநகர் பிஷ்கெக்கில் பாலங்களுக்குச் சுமைக் கணக்குப் போடும் வேலையில் இருந்தாள். கூண்டு வேலை தொடங்கும்போது பெய்ஷென் அவளுக்குப் போன் செய்வார். சட்டத்துக்கு எந்தக் கனம், எங்கே குறுக்குக் கம்பி என்று கேட்பார். அவள் சொன்னதைவிட ஒரு கம்பி கூடுதலாக வைப்பார். அவளும் அதைக் கணக்கில் கொண்டு ஒன்று குறைத்துச் சொல்வாள். இருவருக்கும் இது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இறப்பதற்கு முந்தைய மார்ச்சில் துர்சுனாய் பட்டறைக்கு வந்தாள். கோடையில் சொன்கொல் ஏரிக்கரை மேய்ச்சல் முழுவதற்கும் அவள் ஒருத்திதான் நர்ஸ். புருஷன் மய்ராம்பெக் ஆடு, குதிரைகளைப் பார்த்துக்கொள்வான், வண்டியும் ஓட்டுவான்.

"அண்ணே, எனக்கு ஒரு வண்டி கட்டணும். பகல்ல ஆஸ்பத்திரி, ராத்திரி வீடு."

"மத்தியானம்?"

"மத்தியானம் வெண்ண கடையணும்."

"அவ்வளவுதானா? கல்யாண மண்டபம் வேணாமா?"

"மாமனார் கூட வர்றாரு. அவரு ஒருத்தரே மண்டபம் நெறைய இருப்பாரு."

பெய்ஷென் சிரித்தார். அவள் அடுத்துச் சொன்னதுதான் புதிது. வாசல் பின்பக்கம் கூடாது, வலது பக்கவாட்டில் வேண்டும் என்றாள்.

"பின்னாடி எப்பவும் பால் டேங்க் வண்டி மாட்டியிருக்கும். போன வருஷம் வலி எடுத்த பொண்ண அந்த இழுவக் கம்பி மேல தாண்டித் தூக்கிட்டுப் போனாங்க. அவ கத்துனது வலியிலயா, பயத்துலயான்னு எனக்கு இன்னும் தெரியல."

அதுவரை அவர் கட்டிய கூண்டு ஒவ்வொன்றுக்கும் வாசல் பின்பக்கம்தான். பக்க வாசல் வைத்ததே இல்லை. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்றே மகளுக்குப் போன் செய்தார்.

"உள்ள கனம் எந்தப் பக்கம்பா அதிகம் இருக்கும்?" என்று கேட்டாள் அய்சாடா.

"பரவலாத்தான் இருக்கும். வீடுதானே."

அவள் அப்படியே வைத்துக் கணக்குப் போட்டாள். கணக்கில் தப்பு இல்லை. சுவருக்குள் மடியும் படுக்கை, மருந்துக் குளிர்பெட்டி, வெயிலில் மின்சாரம் எடுக்கும் பலகை, அகலமான பக்க வாசல் என்று மே மாதக் கடைசியில் கூண்டு தயாரானது. பெய்ஷென் அதுவரை கட்டியதில் அதுதான் அழகு. அவரே அப்படிச் சொன்னார். அவர் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

ஜூன் முதல் வாரம் குடும்பம் கிளம்பியது. கணவாய்க்குக் கொஞ்சம் கீழே ரோட்டில் சேறு. எல்லா மேய்ப்பர்களும் செய்வதைத்தான் மய்ராம்பெக்கும் செய்தான். ரோட்டை விட்டுப் பச்சைச் சரிவில் ஏறிக் குறுக்கே போனான். பள்ளம் இடது பக்கம். சரிவின் நடுவில் லாரி மெல்ல, அவசரமே இல்லாமல், எருமை படுப்பது போல இடது பக்கமாகப் படுத்துக்கொண்டது.

செய்தி வந்ததும் பெய்ஷென் போனார். கூண்டு ஒருக்களித்துக் கிடந்தது. பக்க வாசல் வானத்தைப் பார்த்து, கிணறு மாதிரித் திறந்திருந்தது. அதன் வழியாகத்தான் பெரியவர் கசிமாலியைக் கயிறு கட்டி மேலே தூக்கியிருந்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மற்ற யாருக்கும் சிராய்ப்புக்கு மேல் இல்லை. துர்சுனாய் முன்னால் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெய்ஷென் சக்கரங்களைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். ஒரு வெல்டிங் பற்றுகூட விட்டிருக்கவில்லை. அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது. உடைந்திருந்தால் எதனால் என்று சொல்லிவிடலாம்.

மறுநாள் கசிமாலியைப் பார்க்கப் போனார். பெரியவர் கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரது? என்னைக் கிணத்துல போட்டவனா?"

"நான்தான், பெரியவரே. தோள் எப்படி இருக்கு?"

"ஏன், வெல்டிங் வச்சுத் தரப்போறியா?"

"வண்டியச் சரி பண்றேன். இந்த மாசக் கடைசிக்குள்ள..."

"பண்ணு. நல்லாப் பண்ணி வித்துடு. இந்த ஆயுசுல குதிரை என்னைக் கீழ தள்ளியிருக்கு, கழுதை தள்ளியிருக்கு. வீடு தள்ளுனது இதுதான் மொதத் தடவ."

"கார்ல கூட்டிட்டுப் போய் மேல விடச் சொல்றேன்."

"விட்டுட்டு? மூணு மாசம் அதுக்குள்ளதானே படுக்கணும்? மல மேல ஏதுய்யா சமதர? ராத்திரி நான் புரண்டு படுத்தா அதுவும் புரண்டு படுக்குமே."

துர்சுனாய் தேநீர் கொண்டுவந்தாள். வாசலில் அவரை வழியனுப்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மாமா கீழ இருந்தா நானும் கீழதான், அண்ணே. என் புருஷன்தான் கடைசி மகன், பெத்தவரப் பாக்குறது எங்க பொறுப்பு. வேற யாருகிட்ட விட முடியும்? ஒத்தக் கையால அவரால ஒரு பொத்தான் கூடப் போட முடியல."

"மேல யாரு பாப்பாங்க?"

"யாரும் இல்ல. வேற ஆள் கேட்டேன், கெடைக்கல. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்கு ஜூலைல நாள். மொதப் பிள்ள."

பெய்ஷென் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாப்பிடு," என்றாள் ராக்கியா. "நீ பட்டினி கெடந்தா அந்த மனுஷன் எலும்பு ஒட்டாது."

லாரியை இழுத்துவந்து பட்டறையில் நிறுத்தினார்கள். சனிக்கிழமை அய்சாடா பிஷ்கெக்கிலிருந்து வந்தாள். நான்கு சக்கரத்துக்கடியிலும் எடைக்கருவி வைத்துப் பார்த்தாள். வெறும் கூண்டு இரண்டு பக்கமும் சமமாக நின்றது. இதில் விழுவதற்குக் காரணமே இல்லை என்றாள். பெய்ஷென் துர்சுனாயைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று இருந்த சாமானையெல்லாம் அன்று போலவே ஏற்றச் சொன்னார்.

துர்சுனாய் ஏற்றினாள். சீர்வரிசையாக வந்த செதுக்கு வேலைப் பெட்டகம். அதன் மேல் அவள் அம்மா தைத்துக் கொடுத்த மெத்தைகள், கூரை முட்டும் வரை. அதன் பக்கத்தில் மாவு மூட்டை. மாமனாரின் சேணம். எல்லாவற்றையும் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் அடுக்கினாள்.

"பெரியவர் எங்க இருந்தாரு?"

"இது என்ன கேள்விண்ணே? தோர்லதான்." அவள் மெத்தைக் குவியலுக்கு முன்னால் காட்டினாள். "பக்கத்து மேய்ச்சல் கெழவிங்க ரெண்டு பேரு வழியில ஏறுனாங்க. அவங்களையும் மேலே வாங்கன்னு அவரு பக்கத்துலயே உக்கார வச்சேன்."

அய்சாடா குனிந்து எடைக்கருவிகளைப் பார்த்தாள். இடது பக்கத்து எண்கள் எகிறியிருந்தன. பெய்ஷென் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வாசலுக்கு எதிர்ப்பக்கம் தோர். வீட்டில் மதிப்பான பொருளும் மதிப்பான ஆளும் இருக்கும் இடம்; 'மேலே வா' என்றால் அங்கே வா என்று பொருள். கூடாரம் வட்டம், தோரில் எவ்வளவு கனம் வைத்தாலும் அது தரையில்தான் நிற்கிறது. பின்வாசல் லாரியில் தோர் டிரைவர் முதுகுக்குப் பின்னால் வரும். கனம் முழுவதும் முன்னச்சின் மேல், நடுவில் உட்காரும். முப்பது வருடம் அவர் வண்டிகள் சாயாமல் நின்றது அதனால்தான். தானாகச் சரியாக இருந்ததால் அவர் அதை யோசித்ததே இல்லை. வாசல் பக்கத்துக்கு வந்ததும் தோர் மறு பக்கத்துக்குப் போய்விட்டது. வீடு முழுவதும் பள்ளத்துப் பக்கம் ஏறிக்கொண்டது.

பிறந்ததிலிருந்து தோரைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பரவலாக இருக்கும் என்று சொன்னதும் அவர்தான்.

"பெட்டகத்த வாசல் பக்கத்துச் சுவர்ல போல்ட் போட்டு இறுக்கிடலாம்பா," என்றாள் அய்சாடா. "எடை சமமாயிடும்."

"வாசல் பக்கமா?" துர்சுனாய் இடுப்பில் கை வைத்தாள். "செருப்பு கழட்டுற எடத்துல எங்கம்மா மெத்தையா? நல்லாருக்கும்மா. அப்படியே மாமாவையும் செருப்போட செருப்பா உக்கார வச்சிடவா?"

"இல்லக்கா, வண்டி ஓடுறப்ப மட்டும்..."

"வண்டி ஓடுறப்பதான் வழியெல்லாம் ஆளுங்க எட்டிப் பாப்பாங்க. இந்த வீட்டு மருமக மாமனார வாசல்ல உக்கார வச்சிருக்கான்னு சொன்கொல் வரைக்கும் பேச்சு போயிடும். நீ பட்டணத்துல இருக்க, ஒனக்கென்ன."

அய்சாடா எடைக்கருவிகளை எடுக்கப் போனாள். துர்சுனாய் சொன்னது சரி என்று அவளுக்கும் தெரியும். பிஷ்கெக்கில் ஐந்தாம் மாடியில் அவள் குடியிருந்த ஒற்றை அறையிலும் தோர் இருந்தது. அப்பா வந்தால் அங்கேதான் உட்கார்வார்.

அடுத்த சில நாட்கள் பெய்ஷென் பட்டறையில் ஏதேதோ செய்து பார்த்தார். இடது சக்கரப் பக்கம் ஸ்பிரிங்கை மாற்றினார். அடியில் எதிர்க்கனமாக இரும்பு வைக்கலாமா என்று பார்த்தார். அந்தக் கனத்தோடு லாரி கணவாய் ஏறாது. வாசலைப் பின்பக்கத்துக்கே மாற்றிவிடலாம். மாற்றினால் வலியெடுத்த பெண்ணை மறுபடி இழுவைக் கம்பியைத் தாண்டித் தூக்க வேண்டும். துர்சுனாய் எதற்காக வண்டி கேட்டாளோ, அதுவே இல்லாமல் போகும்.

விழுந்ததில் பக்க வாசலின் வாசற்படி இரும்பு முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை அதை நிமிர்த்துவதற்காக அறுத்து எடுத்தார். படிக்கட்டையும் கழற்றினார். சுவரில் வெறும் ஓட்டை நின்றது. பக்கத்து வீட்டு தோலோக் அப்போது வந்தார். பழைய டிராக்டர் டிரைவர். தினமும் வந்து சிகரெட் பிடித்துவிட்டு, வேலையைக் குறை சொல்லிவிட்டுப் போகிறவர். நேராகப் போய் ஓட்டையில் கையூன்றி ஏறி, சேற்று பூட்ஸோடு உள்ளே நடந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தார்.

"பூட்ஸ்," என்றார் பெய்ஷென்.

"என்ன பூட்ஸுக்கு?"

"கழட்டாம உள்ள போயிட்ட."

"வாசல்ல கழட்டுவேன். இது வாசலா? ஓட்ட. ஓட்டைல எவனாவது பூட்ஸ் கழட்டுவானா?"

"எங்க உக்காந்திருக்க?"

"எங்க உக்காந்தா ஒனக்கென்னய்யா? எடம் இருந்துச்சு, உக்காந்தேன்." தோலோக் சுற்றிப் பார்த்தார். "தோர் எங்க இருக்குன்னே தெரியல இதுல. என்ன வீட்டக் கட்டுன நீ?"

பெய்ஷென் கையில் இருந்த வாசற்படி இரும்பைப் பார்த்தார். பிறகு லாரியின் பின்பக்கம் போய், வலது மூலையில், இழுவைக் கம்பிக்கு விலகி, சாக்பீஸால் ஒரு குறுகிய வாசலை வரைந்தார்.

பத்து நாளில் வேலை முடிந்தது. பக்க ஓட்டை அதே அகலத்தில் இருந்தது. ஆனால் அதற்குப் படி இல்லை, வாசற்படி இல்லை, கைப்பிடி இல்லை. மேல்பக்கம் கீல் வைத்த ஒரே பலகை. மேல்நோக்கித் தூக்கி முட்டுக்கம்பி கொடுத்தால் வெயிலுக்கு நிழல். கீழே நோயாளியைக் கிடத்தும் மேடை வெளியே இழுபடும். யாரையும் எதையும் தாண்டித் தூக்க வேண்டாம். நல்ல காலோடு இருப்பவர்கள் பின் மூலையில் ஏறட்டும். அங்கே படி, வாசற்படி, பூட்ஸ் வைக்கப் பலகை எல்லாம் உண்டு. துர்சுனாயிடம் எதை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளையும் சொல்லவிடவில்லை.

"சொல்லி வச்சா இந்த வருஷம் கேப்பாங்க," என்றார். "அடுத்த வருஷம்?"

வண்டியைக் கசிமாலி வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். துர்சுனாய் சாமானை ஏற்றத் தொடங்கினாள். பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினாள், உள்ளே போனாள், பெட்டகத்தை நேரே டிரைவர் பக்கச் சுவருக்குத் தள்ளச் சொன்னாள். மெத்தைகள் அதன் மேல் ஏறின. மாவு மூட்டை, சேணம், எல்லாம் முன்னால். அய்சாடா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையில் ஏதோ நட்டைத் தேடிக்கொண்டிருந்தார். தரையில் நட்டு எதுவும் இல்லை.

கசிமாலி திண்டில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவ மாத்திட்டா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், பெரியவரே."

"போன தடவயும் அழகாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"விழாதுன்னு சொல்லு பாப்போம்."

பெய்ஷென் வண்டிப் பக்கம் திரும்பினார். "நானும் கூட வர்றேன்," என்றார்.

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வா. ஆனா என் பக்கத்துல வேணாம். நான் போன தடவ இருந்த எடத்துல நீ உக்காரு. அங்கேருந்து பள்ளம் நல்லாத் தெரியும்."

அப்படித்தான் கிளம்பினார்கள். துர்சுனாயும் மய்ராம்பெக்கும் முன்னால். கூண்டுக்குள் கசிமாலி தோரில், மெத்தைக் குவியலில் முதுகைச் சாய்த்து. பெய்ஷென் இடது சுவரை ஒட்டி, நடுவில், தனியாக. அய்சாடா தன் காரில் பின்னால் வந்தாள். சேறு இன்னும் காயவில்லை. அதே இடத்தில் மய்ராம்பெக் ரோட்டை விட்டு இறங்கினான். அய்சாடா ஹாரன் அடித்தாள். யாரும் கவனிக்கவில்லை.

சரிவில் ஏறியதும் பெய்ஷெனுக்கு முதுகில் சுவர் கனத்தது. எதிர்ப்பக்க ஜன்னலில் வானம் மட்டும் தெரிந்தது. பெட்டகத்தைக் கட்டிய கயிறு முனகியது. கசிமாலி நல்ல கையில் தேநீர்க் கிண்ணத்தோடு இருந்தார். குடிக்கவில்லை. ஆட்டுக்கு வரும் குளம்பு நோயைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத விஷயம். பிறகு பேச்சு நின்றது. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கிண்ணம் கம்பளத்தின் மேல் மெல்ல நகர்ந்து பெய்ஷெனிடம் வந்தது. அவர் அதைப் பிடித்தார்.

"குடிச்சிடு," என்றார் கசிமாலி. குரல் மாறியிருந்தது. "கொட்டிடப் போவுது."

பெய்ஷென் குடித்தார். ஆறிப்போயிருந்தது. குடித்து முடிக்கும்போது வண்டியின் தளம் சமமாகியிருந்தது. எஞ்சின் சத்தம் தணிந்தது. சரிவு பின்னால் போயிருந்தது.

"மேல வா," என்றார் பெரியவர். நகர்ந்து மெத்தையில் இடம் விட்டார். "அங்கயே என்ன ஒட்டிக்கிட்டு?"

"இருக்கட்டும், பெரியவரே. ஏரி வரைக்கும் இங்கயே வர்றேன்."

"பிடிவாதக்காரன்." கசிமாலி கண்ணை மூடிக்கொண்டார். "ஒங்க அப்பனும் இப்படித்தான்."

ஏரிக்கரையில் கூடாரங்களுக்குப் பக்கத்தில் வண்டி நிற்பதற்குள் ஒரு பெண் குதிரையில் வந்துவிட்டாள். முன்னால் ஒரு மூன்று வயதுக் குழந்தை. கொதிக்கும் பால் காலில் கொட்டியிருந்தது. துர்சுனாய் முன்னாலிருந்து குதித்து இறங்கிப் பக்கவாட்டுக்கு ஓடினாள்.

"பலகைய யாராவது தூக்குங்க!"

பெய்ஷென் தூக்கினார். முட்டுக்கம்பியை நிறுத்தப் போனபோதுதான் தெரிந்தது: அதைப் பிடித்திருக்கும் ஆணி வழியில் குலுங்கிக் கழன்று விழுந்திருந்தது. அவர் பலகைக்கு அடியில் புகுந்து, இரண்டு கையையும் மேலே கொடுத்து நின்றார். துர்சுனாய் மேடையை இழுத்தாள், குழந்தையைக் கிடத்தினாள், துணியை வெட்டத் தொடங்கினாள். குழந்தை வீறிட்டது. உள்ளே தோரிலிருந்து கசிமாலி, "யாருடா அது என் வீட்டுல வந்து கத்துறது? ஆடா, ஆளா?" என்றார். குழந்தை ஒரு கணம் நிறுத்தி, குரல் வந்த பக்கம் பார்த்துவிட்டு மறுபடி அழுதது.

அய்சாடா காரின் பின்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். பொருந்துகிற போல்ட் ஒன்று கிடைத்தது. ஓடிவந்தாள்.

"அப்பா, கெடச்சிடுச்சு. நகருங்க, மாட்டிடறேன்."

"இரு."

"எவ்வளவு நேரம்பா தாங்குவீங்க?"

"கட்டு போட்டு முடிக்கட்டும். இப்ப அசைஞ்சா பலகை சத்தம் போடும். பிள்ள பயந்துடும்."

துர்சுனாய் தலை நிமிராமல் வேலை செய்தாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து பலகையைத் தூக்கப் பார்த்தது. அவர் கால்களை அகட்டிக்கொண்டார். அய்சாடா போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.